சொறிக்குக் காரணம் கருவாடு அல்ல



இராத்திரி விளக்கை அணைத்துப் படுத்த பிறகு பிள்ளை ஒன்று விரல் இடுக்கைச் சொறிய ஆரம்பிக்கும். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் படுத்திருக்கும் தம்பியும் இடுப்பைச் சொறிவான். "சும்மா படுங்கடா, விடிஞ்சா பெரட்டுக்குப் போகணும்" என்று அம்மா அதட்டுவார். விடிந்ததும் பாட்டி தீர்ப்புச் சொல்லிவிடுவார்: "ரத்தம் கெட்டுப் போச்சு. கருவாடும் கத்தரிக்காயும் ஆக்கிப் போட்டியே, அதான்." அன்றிலிருந்து அந்த வீட்டில் கருவாடு கிடையாது, இறால் கிடையாது, நெத்திலிச் சம்பல் கிடையாது, பிளாச்சான் வாடையே கூடாது. பிள்ளைகள் ரசஞ்சோறு தின்றுகொண்டே சொறிவார்கள். ஒரு மாதத்தில் அம்மாவும் சொறிவார். பாட்டியும் சொறிவார்.

கருவாடு செய்த குற்றம் ஒன்றுமில்லை. உங்கள் வீட்டில் இரத்தம் யாருக்கும் கெட்டுப் போகவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் தோலுக்குள் குடியேறியிருக்கிறது, அவ்வளவுதான். அதற்குச் சிற்றுண்ணி என்று பெயர். மலாய்க்காரர்கள் துங்காவ் என்பார்கள். நாய்க்காதில் பருத்துத் தொங்குகிறதே, அந்த உண்ணிக்கு இது சின்னத் தங்கச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைப் பேனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பேனுக்கு ஆறு கால். சிற்றுண்ணி எட்டுக்கால் சாதி, சிலந்தி, தேள் இவற்றின் குடும்பம்.

உலகத்தில் இதுவரை பெயர் வைத்துப் பதிந்த சிற்றுண்ணி வகைகள் மட்டும் ஏறக்குறைய 50,000. முக்கால்வாசி நம்மை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. மண்ணிலும் சருகிலும் கிடந்து தன் பிழைப்பைப் பார்க்கிறது. இதைப் படிக்கும் உங்கள் முகத்திலும், எழுதும் என் முகத்திலும்கூட ஒரு வகை இருக்கிறது. மயிர்க்காலுக்குள் வாழும். வளர்ந்த ஆள் அநேகமாக எல்லாருக்கும் உண்டு, யாருக்கும் பெரிய தொந்தரவில்லை. ஆகவே சிற்றுண்ணி என்றதும் பதற வேண்டாம். தோட்டத்து மக்கள் கவனமாக இருக்க வேண்டியது முக்கியமாக இரண்டு வகைக்குத்தான். ஒன்று வீட்டில் இருக்கிறது, மற்றொன்று வேலைக்காட்டில் இருக்கிறது.

முதலில் வீட்டில் இருப்பதைப் பார்ப்போம்.

சொறி, சிரங்கு என்று நாம் சொல்வது, மலாயில் குடிஸ் என்பது, இந்தச் சிற்றுண்ணியின் வேலைதான். பெண் சிற்றுண்ணி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. தோலின் மேல் ஏட்டில் சின்னச் சுரங்கம் தோண்டி, அதற்குள் நாளைக்கு இரண்டு மூன்று முட்டை வைக்கும். மூன்று நாலு நாளில் குஞ்சு பொரித்துவிடும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, முழங்கை, அக்குள், தொப்புள், இடுப்பு, பிட்டம், பெண்களுக்கு மார்புக் காம்பைச் சுற்றி, ஆண்களுக்கு மறைவிடத்தில் என்று மெல்லிய தோலாகத் தேடிப் போகும். கைக்குழந்தைக்கு உள்ளங்கை, உள்ளங்கால், தலையில்கூட வரும். இரவில்தான் அரிப்பு உச்சத்துக்குப் போகும்.

உடம்பெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கிறதே, ஆயிரக்கணக்கில் இருக்கும் போலிருக்கிறது என்று நினைப்போம். அதுதான் இல்லை. சாதாரணமாக ஓர் ஆளின் உடம்பு முழுக்கத் தேடினாலும் பத்துப் பதினைந்து சிற்றுண்ணிதான் இருக்கும். அப்படியானால் அத்தனை புள்ளி எப்படி வந்தது? சிற்றுண்ணியும் அதன் முட்டையும் எச்சமும் உடம்புக்கு ஒவ்வாமல் போவதால் வரும் தடிப்பு அது. இந்த ஒவ்வாமை முதல் தடவை உண்டாவதற்கு 4 முதல் 6 வாரம் பிடிக்கும். இதைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். ஒட்டிய ஒரு மாதத்துக்கு மேல் அந்த ஆளுக்கு அரிப்பே தெரியாது. தெரியாமலே பிள்ளைக்கும் மனைவிக்கும் கொடுத்துக்கொண்டிருப்பார்.

இதனால்தான் பல வீடுகளில் வைத்தியம் தோற்கிறது. கிளினிக்கில் பிள்ளைக்கு மருந்து கொடுத்து, "வீட்ல எல்லாரும் பூசணும்" என்று சொல்லி அனுப்புவார்கள். வீட்டுக்காரர் என்ன சொல்வார்? "எனக்குத்தான் அரிக்கலையே, நான் ஏன் பூசணும்? அந்த எண்ணெ வாடையே எனக்கு ஆகாது." பிள்ளைக்கு மட்டும் பூசுவார்கள். பிள்ளைக்குக் குணமாகும். நாலைந்து வாரத்தில் அப்பாவுக்கு அரிப்பு ஆரம்பிக்கும், அவரிடமிருந்து மறுபடி பிள்ளைக்கு வரும். இந்தத் தடவை ஒன்றிரண்டு நாளிலேயே அரிக்கும், ஏனென்றால் உடம்பு பழையதை மறக்கவில்லை. "கிளினிக் மருந்து கேக்கலம்மா" என்று லயம் முழுக்கப் பேச்சாகிவிடும். மருந்து கேட்டது. அப்பாதான் கேட்கவில்லை.

ஆகவே அரித்தாலும் அரிக்காவிட்டாலும், ஒரு கூரையின் கீழ் படுப்பவர்கள் அத்தனை பேரும் ஒரே இரவில் மருந்து பூச வேண்டும். பெர்மெத்ரின் களிம்பு கொடுத்தால் கழுத்திலிருந்து பாதம்வரை பூசி, 8 முதல் 14 மணி நேரம் வைத்திருந்து காலையில் குளிக்கலாம். சின்னப் பிள்ளைக்கும் வயதானவருக்கும் தலையிலும் முகத்திலும் பூச வேண்டுமா என்று கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். நகத்துக்கு அடியில், விரல் இடுக்கில், தொப்புளில், தொடை இடுக்கில் விட்டுப் போகக் கூடாது. நடுவில் கை கழுவினால் கைக்கு மறுபடி பூச வேண்டும். ஒரு வாரம் கழித்து எல்லாரும் இன்னொரு முறை பூச வேண்டும். பென்சைல் பென்சோயேட் என்ற வெள்ளைத் தண்ணி மருந்து கொடுத்தால், எத்தனை நாள் என்று கேட்டு அதன்படி செய்யுங்கள். அது கொஞ்சம் எரியும். பிள்ளைகளுக்கு வீரியம் குறைத்துத்தான் கொடுப்பார்கள், பெரியவர் மருந்தை எடுத்துப் பிள்ளைக்குப் பூசாதீர்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் கைக்குழந்தை உள்ளவர்களும் முதலிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு விஷயம். மருந்து பூசிச் சிற்றுண்ணி எல்லாம் செத்த பிறகும் இரண்டு முதல் நாலு வாரம் அரிப்பு இருக்கும். செத்ததும் அதன் எச்சமும் தோலுக்குள் கிடக்கிறதே! தோல் உதிர உதிரத்தான் போகும். இது தெரியாமல் தினமும் மருந்தை அப்பித் தோலைப் புண்ணாக்கிக்கொண்டவர்கள் உண்டு. நாலு வாரம் தாண்டியும் அரித்தால், அல்லது புதுப் புள்ளி கிளம்பினால், திரும்பப் போய்க் காட்டுங்கள்.

அடுத்து எல்லாரும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ளும் பேச்சு: "குளிக்காத பிள்ளைக்குத்தான் சொறி வரும்." இந்த ஒரு பேச்சு செய்த கெடுதல் கொஞ்சமல்ல. தினம் இரண்டு வேளை சோப்புப் போட்டுக் குளிக்கும் வீட்டிலும் சொறி வரும். சிற்றுண்ணி தோலுக்கு மேலே நடமாடும் அழுக்கல்ல, உள்ளே வீடு கட்டியிருப்பது. பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போவது தோலோடு தோல் நெடுநேரம் ஒட்டியிருக்கும்போது: ஒரே பாயில் படுப்பது, பிள்ளையை இடுப்பில் வைத்திருப்பது, கணவன் மனைவி உறவு. ஒரு கைகுலுக்கலில் பொதுவாக ஒட்டாது. அழுக்கு என்று கேலி செய்தால் தாய்மார்கள் மறைப்பார்கள். மறைத்தால் ஆயாக்கொட்டகை முழுக்கப் பரவும்.

துணிமணியைப் பற்றியும் பயம் அதிகம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் கென்னத் மெல்லன்பி என்ற விஞ்ஞானி இதைச் சோதித்துப் பார்த்தார். போருக்குப் போக மனச்சாட்சி இடம் தராத இளைஞர்கள் சிலர் அவருடைய சோதனைக்குத் தாங்களே முன்வந்தார்கள். சொறி பிடித்த சிப்பாய்கள் போர்த்திய போர்வையை அவர்கள் வெற்றுடம்பில் போர்த்திப் படுத்தார்கள், அவர்களின் துவைக்காத உள்ளாடையைப் போட்டுக்கொண்டார்கள். மிகச் சிலருக்கே சொறி ஒட்டியது. நோயாளியோடு ஒரே படுக்கையில் படுத்தபோதுதான் ஒட்டியது. ஆள் உடம்பை விட்டு வந்த சிற்றுண்ணி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. ஆகவே மெத்தையை எரிக்க வேண்டாம். மருந்து பூசும் நாளில், கடைசி மூன்று நாள் போட்ட துணி, கைலி, விரிப்பு இவற்றைச் சுடுதண்ணியில் துவைத்து வெயிலில் போடுங்கள். துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வைத்தால் போதும்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் வயது முதிர்ந்தவர்களுக்கும் சில சமயம் செதில் செதிலாகத் தடித்த பொருக்குச் சிரங்கு வரும். அங்கே பத்துப் பதினைந்தல்ல, ஆயிரம், இலட்சம் என்று கணக்கு. அரிப்புகூடக் குறைவாக இருக்கலாம். இவர்களைத் தொட்டாலும், இவர்கள் படுக்கையிலிருந்தும் எளிதில் பரவும். வீட்டு வைத்தியம் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

வீட்டு வைத்தியம் என்றதும் பாட்டியைக் குறை சொல்லிவிட்டுப் போய்விட்டேன் என்று நினைக்காதீர்கள். கந்தகத்தை எண்ணெயில் குழைத்துப் பூசினார்களே, அது சரியான வழிதான். அளவாகச் செய்த கந்தகக் களிம்பைக் கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மருத்துவர்கள் இன்றும் கொடுப்பதுண்டு. வேப்பிலையும் மஞ்சளும் பூசினால் கொஞ்சம் இதமாக இருக்கும், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். மருந்தடிக்கும் பம்பில் மிச்சம் இருக்கும் பூச்சி மருந்தைத் தொட்டுப் பூசுவது மட்டும் வேண்டவே வேண்டாம். தோல் வழியாக உள்ளே இறங்கி உயிருக்கே உலை வைத்துவிடும்.

பாட்டிகளுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1687-இல் இத்தாலியில் போனோமோ என்ற வைத்தியரும் செஸ்டோனி என்ற மருந்துக் கடைக்காரரும் சொறிக்குக் காரணம் இந்த உயிர்தான் என்று எழுதினார்கள். அவர்களுக்கு வழி காட்டியது யார் தெரியுமா? ஏழைத் தாய்மார்கள். பிள்ளைகளின் கையிலிருந்து ஊசிமுனையால் எதையோ குத்தி எடுத்து நகத்தில் வைத்து நசுக்குவதைப் பார்த்துவிட்டுத்தான் இவர்கள் பூதக்கண்ணாடியை எடுத்தார்கள். பெரிய வைத்தியர்கள் நம்பவில்லை. 1834-இல் பாரிசில் ரெனூச்சி என்ற மாணவர் எல்லார் முன்னிலையிலும் சிற்றுண்ணியை எடுத்துக் காட்டியபோதுதான் வாய் அடைத்தது. அவர் கற்றதும் தம் ஊரான கார்சிகாவின் பெண்களின் ஊசியிலிருந்துதான்.

சொறியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. சொறிந்த இடத்தில் கிருமி புகுந்து சீழ் வைக்கும். அந்தக் கிருமிகளில் ஒருவகை சிறுநீரகத்தைத் தாக்கும். சிரங்கு ஆறி வரும் நேரத்தில் பிள்ளையின் முகம், கண்ணிமை வீங்கினாலோ, சிறுநீர் குறைந்து கோப்பி நிறத்தில் போனாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஓர் அறையில் பத்துப் பேரை அடைத்தால் இந்த நோயை யாராலும் நிறுத்த முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். கொங்சியில் தங்கும் வெளிநாட்டுத் தோழர்களுக்கு இது அடிக்கடி வருவதற்கு அவர்கள் "சுத்தமில்லாதவர்கள்" என்பது காரணமல்ல, இடநெருக்கடிதான் காரணம். 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் 2019-இல் திருத்தப்பட்ட பிறகு, விடுதியில் தங்கும் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் தனிக் கட்டில், மெத்தை, தலையணை, போர்வை கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒரு மெத்தையில் இருவர் படுக்கிறார்கள் என்றால் சங்கத்தில் சொல்லுங்கள்.

நாய்ச் சொறி, கோழிச் செள் பற்றியும் கேட்பீர்கள். நாயின் சிற்றுண்ணி நம்மேல் ஏறினால் சில நாள் அரிக்கும், ஆனால் நம் தோலில் குடும்பம் நடத்தாது. கோழிச் செள்ளும் அப்படியே. நாய்க்கு வைத்தியம் பாருங்கள், கோழிக் கூண்டைச் சுத்தம் செய்யுங்கள், அரிப்பு நின்றுவிடும். மெத்தைத் தூசியில் இருக்கும் சிற்றுண்ணி கடிப்பதே இல்லை. அதன் எச்சம் மூக்கில் ஏறித்தான் தும்மலும் இளைப்பும் வருகின்றன. அதற்குத் தண்ணீர் குடிக்கத் தெரியாது, காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் வாழும். இளைப்புள்ள பிள்ளை இருந்தால் தலையணை உறையையும் விரிப்பையும் வாரம் ஒருமுறை சுடுதண்ணியில் துவைத்து, மெத்தையை நல்ல வெயிலில் போடுங்கள்.

இனி வேலைக்காட்டுக்கு வருவோம். இங்கே இருப்பது உயிரையே எடுக்கக்கூடியது.

லாலாங் புல், புதர், காட்டோரம், செம்பனை நிரைகளில் எலி ஓடும் பாதை. இந்த இடங்களில் மண்ணில் வேறொரு சிற்றுண்ணி வாழ்கிறது. அதன் குஞ்சு மட்டும்தான் கடிக்கும். ஆரஞ்சுச் சிவப்பில் ஒரு புள்ளி, கால் மில்லிமீட்டர்கூட இராது. குஞ்சாக இருக்கும்போது அதற்கு ஆறு கால்தான். புல் நுனியில் கூட்டமாகக் காத்திருந்து, எலியோ மனிதனோ உரசினால் ஏறிக்கொள்ளும். இரத்தம் குடிப்பதாக நினைக்கிறோம், அதுவும் தவறு. தோலைக் கரைத்து அந்தச் சாற்றைக் குடிக்கிறது. வயிறு நிறைந்ததும் மண்ணில் விழுந்துவிடும். அதற்குப் பிறகு ஆயுசுக்கும் அது யாரையும் கடிப்பதில்லை.

அந்த ஒரு கடியில் சில சமயம் ஒரு கிருமி உள்ளே போகிறது. அதுதான் ஸ்க்ரப் டைபஸ், உண்ணிக் காய்ச்சல். டைபாய்டு வேறு, டைபஸ் வேறு. எலி கடித்து வருவதல்ல. தாய்ச் சிற்றுண்ணி முட்டை வழியாகவே குஞ்சுக்குக் கிருமியைக் கொடுத்துவிடும். ஆளிடமிருந்து ஆளுக்கும் ஒட்டாது, நோயாளிக்குக் கஞ்சி கொடுக்கப் பயப்பட வேண்டாம். சிற்றுண்ணி எல்லா இடத்திலும் பரவியிருக்காமல் திட்டுத் திட்டாக இருப்பதால், ஒரு நிரையில் வேலை செய்தவருக்கு வரும், அடுத்த நிரைக்காரருக்கு வராது.

இந்த நோயை உலகம் புரிந்துகொண்டதில் நம் தோட்டங்களுக்கும் பங்குண்டு. 1920-களில் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் டாக்டர் ஃபிளெட்சரும் அவருடைய கூட்டாளிகளும் மலாயாவில் இரண்டு விதமான டைபஸ் இருப்பதைப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று கடைத்தெருக்களில் வருவது. மற்றது லாலாங்கும் செம்பனையும் உள்ள இடங்களில் வேலை செய்பவர்களுக்கு வருவது. பின்னர் லூத்வெயிட், சவூர் என்ற இரு மருத்துவர்கள் அதே கழகத்தில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்கள். அந்தக் காலத்தில் மருந்து கிடையாது. 1948-இல் ஸ்மாடெல் தலைமையில் ஓர் அமெரிக்க மருத்துவக் குழு கோலாலம்பூருக்கு வந்து, இவர்களோடு சேர்ந்து குளோரம்பெனிக்கோல் மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. வாரக்கணக்கில் எரியும் காய்ச்சல் ஒன்றிரண்டு நாளில் இறங்கியது. இப்போது பெரும்பாலும் டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுக்கிறார்கள். விலை அதிகமில்லாத மாத்திரை. கர்ப்பிணிக்கு வேறு மருந்து உண்டு. பெனிசிலின் இதற்குக் கேட்காது.

மருந்து இவ்வளவு சுலபமாக இருந்தும் ஆட்கள் ஏன் சாகிறார்கள்? நோய் இன்னதென்று சமயத்தில் தெரியாததால். கடித்து ஏறக்குறைய பத்து நாள் கழித்துத்தான் காய்ச்சல் வரும். தலை பிளக்கும், உடம்பு முறிக்கும், கண் சிவக்கும், இருமல் வரும், நெறி கட்டும். டெங்கி போலவே இருக்கும், எலிச் சிறுநீர்க் காய்ச்சல் போலவும் இருக்கும். கவனிக்காமல் விட்டால் இரண்டாவது வாரத்தில் நுரையீரல், மூளை, சிறுநீரகம் என்று தாக்கும்.

ஆனால் பலருக்கு இந்தக் காய்ச்சல் ஓர் அடையாளத்தை விட்டுப் போகிறது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல் ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. வலிக்காது, அரிக்காது. அதனால் அது இருப்பதே ஆளுக்குத் தெரியாது. இருக்கும் இடமோ தொடை இடுக்கு, அக்குள், இடுப்பு நாடா கட்டும் இடம், பெண்களுக்கு மார்புக்கு அடியில். வெட்கத்தில் யாரும் காட்ட மாட்டார்கள், அவசரத்தில் மருத்துவரும் பார்க்காமல் விடலாம். காய்ச்சல் கண்டால் நீங்களே கண்ணாடியை வைத்துப் பாருங்கள். கணவனை மனைவியும், மகளைத் தாயும் பார்க்கட்டும். பொருக்கு எல்லாருக்கும் இருக்கும் என்று சொல்ல முடியாது. இல்லாவிட்டாலும் சந்தேகம் சந்தேகம்தான்.

வேலைக்காட்டில் வெறும் புல்லில் உட்காராதீர்கள், படுக்காதீர்கள். சாப்பிட உட்காரும்போது ஒரு கித்தானை விரியுங்கள். கழற்றிய சட்டையைப் புல்மேல் போட வேண்டாம். கால்சட்டையைப் பூட்ஸுக்குள் செருகுங்கள். பூச்சி விரட்டி தைலம் கிடைத்தால் காலிலும் இடுப்பிலும் தடவுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக உடுப்பை மாற்றி, சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் குளியுங்கள். சொறிக்குத் தேய்த்துப் பயனில்லை என்றேன், இதற்குப் பயனுண்டு. இது தோலுக்கு மேலேதான் ஒட்டியிருக்கும். தடுப்பூசி இன்னும் வரவில்லை. ஒருமுறை வந்தவருக்கு மறுபடியும் வரலாம்.

காய்ச்சலோடு கிளினிக்குக்குப் போகும்போது "காய்ச்சல், தலைவலி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். என்ன வேலை, எந்த இடம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மலாய் சரியாக வராத தோழர்கள் இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துகொள்ளலாம்: "சாயா கெர்ஜா டி லாடாங் கெலாப்பா சாவிட்." செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன் என்று அர்த்தம். சொல்லிவிட்டு, கறுப்புப் பொருக்கு இருந்தால் வெட்கப்படாமல் காட்டுங்கள். ஆண் மருத்துவரிடம் காட்டக் கூச்சமாக இருந்தால் தாதியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.